படி ஏறும் பார்சல்: குன்னூர்ச் சந்துக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து மேல் குன்னூருக்கு ஏறும் படிக்கட்டுச் சந்துகளில் ஒன்றில் அந்தக் கடை இருக்கிறது. எட்டடிக்குப் பத்தடி அறை, முன்னால் பாதிக் கதவு, கதவின் மேல் சாமான் வைக்க ஒரு பலகை. உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். காலை ஆறரைக்கு இட்லி, எட்டு மணிக்குத் தேங்காய் ரொட்டி, பதினொன்றரைக்குக் கலவைச் சாதம், மாலை நாலரைக்குப் போண்டா. ஏழரைக்குள் கதவு சாத்தப்பட்டுவிடும்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் பல வாரம் இந்தக் கடையைக் கவனிக்காமலே கடந்து போவார்கள். பெயர்ப்பலகை இல்லை. வாங்குகிறவர்கள் கையில் கடை பெயர் அச்சடித்த பையும் இல்லை. கண்டுபிடிக்க ஒரே அடையாளம், விடிகாலையில் படியோரம் வரிசையாக நிற்கும் எவர்சில்வர் தூக்குகள். ஒவ்வொரு மூடியிலும் பெயிண்டால் புள்ளி வைத்திருக்கும்: இரண்டு சிவப்பு ஒரு வீடு, ஒரு மஞ்சள் இன்னொரு வீடு. தூக்கை இரவே வைத்துவிட்டுப் போகிறவர்கள் காலையில் காத்து நிற்பதில்லை. பணம் மாதக் கணக்கு.

இங்கே கிடைப்பவை எல்லா ஊரிலும் கிடைக்கிற பண்டங்கள்தான். ஆராய வேண்டியது, இந்தப் பட்டியல் எப்படி இந்த அளவுக்குச் சுருங்கியது என்பதை. கடை திறந்தபோது இருந்த பட்டியல் வேறு. இட்லி, தோசை, புரோட்டா, சால்னா, தேங்காய்ச் சட்னி, தயிர்ச் சாதம் என்று கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ ஒரு பார்சல் கடைக்காரர் எழுதுகிற அதே பட்டியல். அதில் பாதி நின்றுபோனது. ருசி குறைந்து நிற்கவில்லை. அடுப்பிலிருந்து வீட்டுத் தட்டுக்குப் போகிற இருபது நிமிடத்தில் கெட்டுப்போனவை ஒவ்வொன்றாகக் கழிந்தன. மலையில் பார்சல் கடை வைக்கிறவர்கள் முதலில் கணக்குப் போட வேண்டிய நேரம் அந்த இருபது நிமிடம்தான்.

94 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும் என்ற கணக்கில் இங்கே தண்ணீர் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அந்த அளவைத் தாண்டாது. தண்ணீர் சீக்கிரம் வற்றும், பருப்பு அப்படியே நிற்கும்.

குக்கர் இதைச் சரிக்கட்டும், ஆனால் முழுதாக இல்லை. வெயிட் போட்ட குக்கர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஓர் அழுத்தத்தைச் சேர்க்கிறது. வெளிக்காற்றே இங்கே கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் சமவெளியில் உள்ளே 120 டிகிரி வருகிற குக்கரில் இங்கே சுமார் 117தான் வரும். 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நேரத்தில் ஐந்து சதவீதம் கூட்டுவது வழக்கம், குன்னூருக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கீழே துவரம்பருப்புக்கு முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 12 நிமிடம் வைத்தவர்கள் இங்கே 15 வைக்க வேண்டும். விசில் எண்ணிச் சமைக்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தீயின் அளவுக்கு விசில் மாறும், நிமிடம் மாறாது. கடையில் பருப்பு அடுப்புக்கு மேலே ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள். கடையில் வாங்கிப்போட்ட சாமான்களில் மலிவானது அது, பலன் அதிகம் தந்ததும் அது.

இட்லிக்கும் இதே கணக்கு. ஆவியின் சூடும் கொதிநிலையைத்தான் பின்தொடரும். பத்து நிமிடத்தில் இறக்கிய இட்லி மேலே வெந்ததுபோல் இருந்தும் நடுவில் பிசுபிசுக்கும். இங்கே 13 முதல் 14 நிமிடம் தேவை. அதற்கு மேல் விட்டால் ஓரம் காய்ந்து, பார்சலில் ரப்பராகும்.

எண்ணெய்ப் பலகாரத்தில் கணக்கு தலைகீழ். போண்டாவின் உள்ளே இருக்கும் ஈரம் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிப் போகிறது. எண்ணெய் மட்டும் எப்போதும்போல் 180 டிகிரிக்குக் காய்ந்திருந்தால் மேல்மாவு சிவந்துவிடும், உள்ளே மாவு வேகாமல் ஈரமாக நிற்கும். 170க்கு இறக்கி, ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் சரியாக வருகிறது. உருளைக்கிழங்கு மசாலாவை முன்பே நன்றாக ஆறவைத்து உருட்டுவதும் உதவும். சூடான மசாலா ஆவி விட்டு மேல்மாவை உள்ளிருந்து ஊறவைக்கும்.

மாவு பொங்காத ஊரில் இட்லி

மலையில் இட்லி விற்க நினைக்கிற எல்லோரும் முட்டி மோதுகிற இடம் புளிப்பு. மாவு புளிக்க 28 முதல் 32 டிகிரி வரை வேண்டும். குன்னூரில் மார்கழி, தை இரவுகளில் அறைக்குள்ளேயே 12 டிகிரிக்கு இறங்கிவிடும். கீழே எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு இங்கே ஒரு நாள் கழித்தும் தூங்கும்.

முதலில் இந்தக் கடையிலும் எல்லோரும் செய்வதைச் செய்தார்கள்: மாவு அண்டாவை வெந்நீர் பாய்லரின் மேல் ஏற்றி வைத்தார்கள். அடிப்பாகம் 40 டிகிரிக்கு மேல் போய்ப் புளித்து நாறியது, மேல்பாகம் அரைத்தபடியே கிடந்தது. கலக்கிவிட்டால் புளிப்பு இருக்கும், உப்பல் இருக்காது. பிறகு ஆப்பசோடா. உப்பலும் வந்தது, கூடவே மஞ்சள் நிறமும் சோப்பு வாடையும் வந்தன. தூக்கில் கால்மணி நேரம் மூடி வைத்தால் அந்த வாடை இரண்டு மடங்காகும். பார்சலுக்குச் சோடா ஆகவே ஆகாது என்பதற்கு இதுதான் காரணம்.

தீர்வு வந்தது ஓடாத ஃபிரிட்ஜ் ஒன்றில். கம்ப்ரஸர் எடுத்துவிட்ட பழைய 165 லிட்டர் பெட்டி, பழைய இரும்புக்காரரிடம் வாங்கியது. குளிரை உள்ளே வைக்கச் செய்த சுவர் சூட்டையும் அதேபோல் உள்ளே வைக்கும். கீழ்த்தட்டில் மூடிபோட்ட ஐந்து லிட்டர் பாத்திரத்தில் கொதிநீர், மேல்தட்டுகளில் மாவு வாளிகள். இரவு பத்து மணிக்கு ஒருமுறை கொதிநீரை மாற்றினால் விடியும் வரை 28 டிகிரிக்குக் கீழே போவதில்லை. கதவு ரப்பர் கிழிந்திருந்தால் இது வேலை செய்யாது. வாங்கும்போது ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தால் போதும், தாள் பிடித்து நின்றால் ரப்பர் நன்றாக இருக்கிறது.

அளவு இப்படி: இட்லி அரிசி 4 கிலோ, முழு உளுந்து 1 கிலோ, வெந்தயம் 25 கிராம். அரிசியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஆறு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். குழாயில் வருகிற குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டால் எட்டு மணி நேரத்திலும் நடு அரிசி கடிபடும். உளுந்துக்கு இரண்டு மணி நேரம் போதும். கீழே உளுந்து ஆட்டும்போது கிரைண்டர் சூடேறாமல் இருக்க ஐஸ் தண்ணீர் தெளிப்பார்கள். இங்கே அந்தச் சூடு வரப்பிரசாதம். 35 நிமிடம் ஆட்டி எடுக்கும்போது மாவு 22, 23 டிகிரியில் இருந்தால் புளிப்பு பாதி வழி நடந்து முடிந்தது மாதிரி. உப்பு புளிப்பை மெதுவாக்கும். அதனால் மொத்த உப்பில் பாதியைத்தான் கரைக்கும்போது சேர்க்கிறார்கள், மீதியைக் காலையில் ஒவ்வொரு வாளி எடுக்கும்போதும் கரண்டியால் மெல்லப் புரட்டிச் சேர்க்கிறார்கள். அடித்துக் கலக்கினால் இரவெல்லாம் சேர்ந்த காற்று ஒரு நிமிடத்தில் போய்விடும்.

மாலை மூன்று மணிக்கு ஊற்றிய மாவு காலை ஐந்து மணிக்குத் தயார், 14 மணி நேரம். வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு சுற்றில் 200 முதல் 220 இட்லி வரும், அதற்கு மேல் பெட்டியில் இடமில்லை. ஏழே முக்காலுக்கே "முடிஞ்சிருச்சு" என்று சொல்கிறார்களே என்று புதிதாக வருகிறவர்கள் முணுமுணுப்பதுண்டு. அந்த இட்லி முந்தின நாள் மூன்று மணிக்கே எண்ணி முடிந்தது.

புரோட்டா போனது, ரொட்டி வந்தது

கழிந்த பண்டங்களில் புரோட்டாதான் பெரிய இழப்பு. மற்ற எதையும்விட அதற்குத்தான் கிராக்கி இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் தோல் மாதிரி இழுத்தது. இரண்டு காரணம். வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும். குளிர் கூடக் கூட இந்த இறுக்கம் வேகமெடுக்கும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இடத்தில்தான் அது மிக வேகம். ரொட்டியை ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் காய்வதும் இதனால்தான். அடுத்தது கொழுப்பு. அடுக்குகளுக்கு இடையில் தடவிய வனஸ்பதி கல்லிலிருந்து எடுக்கும்போது நெய்யாக இருக்கும், படி ஏறி முடிப்பதற்குள் மெழுகாகிவிடும். சால்னா ஊற்றினால் சமாளிக்கலாம், ஆனால் சால்னா கொண்டுபோவதே ஒரு சிக்கல், அது பின்னால் வருகிறது.

அதன் இடத்துக்கு வந்தது தேங்காய் ரொட்டியும், தேங்காயை மிளகாயோடு இடித்துச் செய்கிற சம்பலும். கடையை நடத்துகிற குடும்பத்தின் முன்னோர் 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களிலும் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிலும் அப்படி வந்த குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாடே இதுதான். மலைத் தோட்டத்தில், கொளுந்துக்காட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போவதற்காகவே வளர்ந்த பண்டம், ஆறினாலும் சாப்பிடலாம். வீட்டில் கைவசம் இருந்ததைக் கடைப் பட்டியலில் சேர்க்க இவர்களுக்கு ஏன் இத்தனை நாளானது என்பதுதான் ஆச்சரியம். "இதையெல்லாம் யார் காசு குடுத்து வாங்குவாங்க" என்ற கூச்சம் பல நல்ல பண்டங்களை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

மைதா 1 கிலோ, பெரிய தேங்காய் இரண்டு (துருவலாக 350 கிராம்போல), உப்பு 18 கிராம், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பச்சைமிளகாய் நாலைந்து, தண்ணீர் 450 முதல் 500 மில்லி. ஒன்று 110 கிராம் வீதம் 16, 17 ரொட்டி வரும். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். தேங்காயின் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், குன்னூரில் வெயில் காலத்துப் பகலைத் தவிர எப்போதும் அது உறைந்தே இருக்கும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் மாவு உதிரும். உதிர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் கல்லில் போட்டதும் கொழுப்பு இளகி, மாவு தளர்ந்து ஒட்டும். இந்த ஒரு தவறுதான் வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வது.

பிசைந்ததை மூடி அரை மணி நேரம் அடுப்பருகே வைத்து, அரைச் சென்டிமீட்டர் கனத்தில் கையால் தட்டி, மிதமான தீயில் இரும்புக் கல்லில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். தீ அதிகமானால் புள்ளி புள்ளியாகக் கருகி உள்ளே பச்சை மாவு நிற்கும். கனத்தைக் குறைத்தால் ஆறியதும் அப்பளம்போல் உடையும். பார்சலுக்கு இந்தக் கனம்தான் உயிர். நடுவில் இருக்கும் ஈரமும் தேங்காயும் ரொட்டியைக் காயவிடாமல் வைத்திருக்கும்.

சம்பலுக்கு ஒரு தேங்காய்த் துருவல், காய்ந்த மிளகாய் எட்டு முதல் பத்து, சின்ன வெங்காயம் 70 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, அரை எலுமிச்சை. உரலில் முதலில் மிளகாயும் உப்பும், அது தூளானபின் வெங்காயம், கடைசியில் தேங்காய். எலுமிச்சையைப் பிழிவது கட்டிக் கொடுப்பதற்குச் சற்று முன்னால். மிக்ஸியில் ஓட்டினால் தேங்காய் பால் விட்டுச் சட்னியாகிவிடும், இலையில் நிற்காது. உப்பு பட்ட வெங்காயம் நேரம் ஆக ஆகத் தண்ணீர் விடும் என்பதால் ஒரு தேங்காய்க்கு மேல் ஒரே நேரத்தில் இடிப்பதில்லை. தேங்காய்ச் சட்னி தூக்கில் குலுங்கி மூடியோரம் வழிந்தது, சம்பல் வழிவதற்கு ஒன்றுமில்லை. பட்டியலில் சட்னி கழிந்த கதை இவ்வளவுதான்.

கட்டிக் கொடுப்பது

நீலகிரியில் பிளாஸ்டிக் பையில் சாம்பார் கட்டிக் கொடுக்க முடியாது. தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தெர்மாகோல் தட்டு எல்லாம் அதில் அடக்கம். நீலகிரிக்கு இது புதிதும் இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோதே இங்கே பிளாஸ்டிக்குக்கு எதிரான வேலை தொடங்கிவிட்டது. இன்றைக்கும் பல ஊர்ப் பார்சல் கடைக்காரர்கள் தடையைத் தொல்லையாகப் பார்க்கிறார்கள். இந்தக் கடையில் அது வியாபாரத்துக்கு உதவியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். தூக்கு கொண்டுவருகிற வாடிக்கையாளர் அதே தூக்கோடு மறுநாளும் வருவார்.

கதவடியில் தினமும் கேட்கிற பேச்சு இது:

"அக்கா, நாலு ரொட்டி, சாம்பார் கொஞ்சம்."

"தூக்கு கொண்டாந்தியா தம்பி?"

"இல்லீங்க்கா. கவர்ல ஊத்திக் குடுங்களேன்."

"கவரெல்லாம் ஆகாது சாமி. சம்பல் வச்சுக் கட்டறேன். சாயங்காலம் தூக்கோட வா."

தூக்கு இல்லாதவர்களுக்கு உலர்ந்தவை மட்டும்: ரொட்டி – சம்பல், பொடி இட்லி, போண்டா. வேண்டுமென்றால் அரை லிட்டர் தூக்கு 150 ரூபாய் முன்பணத்துக்குக் கிடைக்கும், திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பும்.

அரை லிட்டர் சாம்பார் வெறும் எவர்சில்வர் தூக்கில், 12 டிகிரிக் காற்றில், இருபது நிமிட நடையில் இருபது டிகிரிக்கு மேல் இழந்துவிடும். வெந்த உணவை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பின் அடிப்படை. ஆகவே கடையிலிருந்து கிளம்பும்போதே 85க்குக் குறையாமல் இருந்தாக வேண்டும். குழம்புப் பாத்திரங்கள் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கின்றன, தொட்டி லேசாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். சாம்பார் ஊற்றுவதற்கு முன் தூக்கில் கொதிநீர் ஊற்றிக் கொட்டுகிறார்கள். குளிர்ந்த எவர்சில்வரில் நேராக ஊற்றினால் முதல் நிமிடத்திலேயே சூடு இறங்கும். தூக்கு நிறைய இருக்க வேண்டும் என்பதும் முக்கியம், பாதித் தூக்கு இன்னும் வேகமாக ஆறும். கெட்டியான குழம்பு தண்ணீர்க் குழம்பைவிடச் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். சனிக்கிழமைகளில் இங்கே செய்கிற, படுகர் வீடுகளில் அவரை உதக்கா என்று சொல்லும் அவரைக்கொட்டை – உருளைக்கிழங்குக் குழம்பு வீட்டுக்குப் போய்ச் சேரும்போதும் சுடுவதற்கு இதுதான் காரணம்.

பொடி இட்லிதான் இந்த ஊருக்கென்றே அமைந்த பார்சல். நல்லெண்ணெய் குளிரில் உறையாது. பொடியோடு குழைத்துத் தடவியதும் இட்லிமேல் படலமாக நின்று காயவிடாமல் தடுக்கும். இட்லியைத் தட்டிலிருந்து எடுத்ததும் கட்டக் கூடாது, ஆவி அடங்க இரண்டு நிமிடம் விட வேண்டும். உடனே கட்டினால் இலைக்குள் வேர்த்து அடி ஊறும். ஐந்து நிமிடம் விட்டால் இறுகத் தொடங்கிவிடும்.

வாழையிலை இந்த உயரத்தில் பயிராவதில்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து கட்டாக வருகிறது. குளிரில் இலை விறைத்து, மடித்ததும் நரம்போடு கிழியும். நடு நரம்பைக் கத்தியால் சீவிவிட்டு, தீயின் மேல் பக்கத்துக்கு மூன்று நான்கு விநாடி காட்ட வேண்டும். வெளிர்ப் பச்சை மாறி மினுமினுக்கும்போது எடுத்தால் துணிபோல் மடியும், அதற்குமேல் காட்டினால் கருகிய வாடை ஏறும். மேலே அச்சடிக்காத பழுப்புத் தாள், பருத்தி நூல். செய்தித்தாளில் உணவு கட்டக் கூடாது என்பது 2018ஆம் ஆண்டு உணவுப் பொட்டல விதிகளிலேயே இருக்கிறது. எண்ணெய் பட்ட சூடான பண்டம் மையை உறிஞ்சிக்கொள்ளும். இன்னும் பல கடைகளில் போண்டா செய்தித்தாளில்தான் போகிறது. அலுமினியப் பெட்டி தக்காளிச் சாதம், புளிச்சாதத்துக்கு ஆகாது. புளிப்பு பட்டு உலோக வாடை வரும்.

அடுப்பு அணைகிற காலை

பனிக்காலத்தில் காலை ஐந்தரை மணிக்குப் பெரிய பர்னர் இரண்டும் எரியும்போது தீ மெல்லத் தளரும். சிலிண்டரின் அடிப்பாதியில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்துச் சிலிண்டரை மாற்றுவார்கள். உண்மையில் உள்ளே பாதி இருக்கும். திரவமாக இருக்கும் வாயு ஆவியாக மாறச் சூடு வேண்டும், அதைச் சிலிண்டர் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெளிக்காற்றும் குளிர்ந்து, இழுப்பும் அதிகமானால் சுவர் உறைந்து, ஆவி வருவது குறையும். சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவது, அடியில் கனல் வைப்பது எல்லாம் உயிருக்கு ஆபத்தான வேலைகள், இந்த ஊரில் அவை நடப்பதும் உண்டு. சரியான வழி, இரண்டு 19 கிலோ வணிகச் சிலிண்டர்களை ஒரே குழாயில் சேர்த்து இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுப்பது. இழுப்பு பாதியாகும், உறைவதும் நிற்கும். சிலிண்டர்களை ஈரத் தரையில் வைக்காமல் காற்றோட்டமான மரப்பலகையில் வைப்பதும் நல்லது. வீட்டுச் சிவப்புச் சிலிண்டரை வைத்துக் கடை நடத்துவது சட்டப்படி குற்றம், பெரிய பர்னருக்கு அது ஈடுகொடுக்கவும் செய்யாது.

மலைப்பாதை மூடும் நாள்

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு இங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். தக்காளி, சின்ன வெங்காயம், தேங்காய், கறிவேப்பிலை, வாழையிலை அங்கிருந்து ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிந்தோ மரம் விழுந்தோ குன்னூர்ப் பாதை மூடினால் லாரிகள் கோத்தகிரி சுற்றி வர வேண்டும், 2009 நவம்பர்ச் சரிவுபோல் மோசமானால் அதுவும் இல்லை. அந்த நாட்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்: கோஸும் கேரட்டும் போட்ட சாதம், உருளைக்கிழங்குப் போண்டா, தேங்காய் போடாத ரொட்டிக்குக் கட்டச் சம்பல், அதாவது மிளகாயும் வெங்காயமும் எலுமிச்சையும் மட்டும் இடித்தது. இலை இல்லாவிட்டால் தூக்குக்காரர்களுக்கு மட்டும் வியாபாரம்.

தயிர்ச் சாதம் சித்திரை, வைகாசியில் மட்டும். மற்ற மாதங்களில் கேட்பவர் இல்லை.

முதல்முறை வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை

இப்படி ஒரு கடை உங்கள் தெருவிலும் கண்ணில் படாமல் இருக்கலாம். கண்டுபிடித்த அன்றே சாம்பார் வாங்க வேண்டாம். முதலில் பண்டம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று கேளுங்கள். நேரத்தைத் திட்டமாகச் சொல்கிற கடையில் பழையது சேராது. "எப்ப வேணாலும் வாங்க, எல்லாம் இருக்கும்" என்பது பார்சல் கடையில் நல்ல பதில் இல்லை. குழம்பு மூடியைத் திறக்கும்போது ஆவி முகத்தில் அடிக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள்: கறுத்து, நுரை அடங்காமல், காயும்போதே புகைந்தால் அது மாற்ற வேண்டிய எண்ணெய். சிதைந்த பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது, அதை அளக்கும் கருவி கடையில் இருக்காது, கண்ணும் மூக்கும்தான் கருவி. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். பணம் வாங்குகிற கையும் ரொட்டி எடுக்கிற கையும் ஒன்றாக இருந்தால் வேறு எது சரியாக இருந்தும் பயனில்லை. இந்தக் கடையில் பணத்துக்குக் கதவுப் பலகையில் ஒரு டப்பா, சில்லறையை வாங்குகிறவரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சீசன் மாதங்கள்தான் கடைக்கு இன்னும் பிடிபடவில்லை. 2024 மே 7 முதல் மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்றான பிறகும் மே மாதக் கூட்டம் படிக்கட்டு வரை வருகிறது. வரிசையைப் பார்த்துத்தான் அவர்களும் கடையைக் கண்டுபிடிக்கிறார்கள். போண்டாவையும் ரொட்டியையும் கூட்டலாம், பதினான்கு மணி நேரம் புளிக்கிற மாவை அன்றன்றைக்குக் கூட்ட வழியில்லை. பாக்கெட் மாவு வாங்கிச் சேர்த்துப் பார்த்ததில் ஒரே தட்டில் இரண்டு விதமாக இட்லி வந்தது, தெருக்காரர்கள் உடனே கேட்டுவிட்டார்கள். இப்போதைக்கு ஏழரை வரை தூக்குக்காரர்களுக்கு மட்டும் இட்லி, அதன் பிறகு மீதி இருந்தால் மற்றவர்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். இன்னொரு ஓடாத ஃபிரிட்ஜ் பேசி வைத்தாயிற்று. அதை வைக்க மாடிப்படிக்குக் கீழே இடம் கேட்டிருக்கிறார்கள், வீட்டுக்காரரோடு வாடகை இன்னும் பேசி முடியவில்லை.